வண்டி மாட்டேங்குது

லாரியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு இருதயநாதன் இறங்குகிற விதத்திலேயே கெங்கம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிடும். நடை நல்லபடியாக முடிந்த நாளில் அவர் கதவைப் பட்டென்று சாத்திவிட்டு நேரே தண்ணீர்ப் பானைக்குப் போவார். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் கதவை மெல்லச் சாத்துவார். அன்றைக்கு மெல்லத்தான் சாத்தினார்.

"என்னா டிரைவரே, இன்னிக்கு என்னா?"

"டைனமோ சார்ஜ் ஏறலீங்கம்மா. பாதி வழியிலயே திரும்பிட்டேன். வண்டி மாட்டேங்குது."

அந்த வார்த்தையைக் கேட்டால் கெங்கம்மாளுக்கு வயிறு எரியும். போன வாரம் கார்பரேட்டர் மாட்டேன் என்றது. அதற்கு முன்னால் ரேடியேட்டர் ஒழுகியது. அதற்கும் முன்னால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்து, மரக்காணத்து உப்பு லோடு முழுவதும் நடுரோட்டில் இறங்கியது. ஊரில் வேறு லாரிகளும் ஓடத்தான் செய்தன. அவையெல்லாம் சரியென்று ஓடின. கெங்கம்மாள் லாரி மட்டும் நாலு நாளைக்கு ஒருதரம் மாட்டேன் என்றது.

லாரி அவள் புருஷன் அரங்கநாதன் வாங்கியது. பட்டாளத்தில் கழித்துப் போட்ட வண்டி. கோலியனூர் நிலத்தில் கிணற்றுக்குக் கிழக்கே இருந்த பங்கை விற்று ஏலத்தில் எடுத்து, பச்சை நிறத்தைச் சுரண்டிச் சிவப்பு அடித்து, விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு ஓலைக் கொட்டகையும் போட்டான். ரெண்டு வருஷம் டிரைவர் வைத்து ஓட்டினான். அறுபதாம் வருஷத்து மழையில் விஷக்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. கருமாதிக்கு வந்த சாதிசனம் கை நனைத்துவிட்டுப் போகிற முன்பே, லாரியை யாருக்கு விற்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டது.

"வித்துடு கெங்கு. பொம்பள லாரிய வெச்சிக்கினு என்னா பண்ணுவே?" என்றார் அவளுடைய அண்ணன் பாண்டுரங்கன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். பேச்சுக்குப் பெரிய மரியாதை உள்ளவர்.

"ஓட்டுவேன்," என்றாள் கெங்கம்மாள்.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனாலும், சரி, தங்கச்சி ஆசைப்படுகிறாள் என்று, மண்டியிலிருந்து வாரம் தவறாமல் லோடு தருவதாகச் சொன்னார். சொன்னபடி தரவும் தந்தார். அந்த நன்றியை அவள் மனசில் வைத்திருந்தாள். அரங்கநாதன் காலத்து டிரைவர் இருதயநாதனையே அவள் வைத்துக்கொண்டாள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். குடி கிடையாது. அதிகம் பேசவும் மாட்டார். வண்டி கெட்டுப்போனது என்று சொல்வதுதான் அவர் பேசுகிற பேச்சில் பாதி.

டீக்கடைக்காரன் முதல் ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிறவன் வரை ஊர் ஒரே பேச்சாகத்தான் பேசியது. பொம்பள மொதலாளி என்றால் டிரைவருக்குக் கொண்டாட்டம், நினைத்த இடத்தில் நிறுத்துவான், நினைத்த நேரத்தில் எடுப்பான், அந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்றது. அண்ணனும் ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஆள மாத்து. எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தன் இருக்கான், சொன்ன வேலைய செய்வான்."

கெங்கம்மாள் மாற்றவில்லை. மாற்றாததற்குக் காரணம் இரக்கம் இல்லை. ஊர் முழுக்க ஒன்றைச் செய் என்று சொன்னால் அவளுக்கு அதைச் செய்யக் கை வராது. அது பிறவிக் குணம்.

டைனமோ சங்கதிக்கு மறுநாள் அவளே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றாள். சீனுவாசன் மேஸ்திரி ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலிடம் பேசினாள்.

"மேஸ்திரி, நெசத்த சொல்லுங்க. எங்க வண்டி இவ்ளோ ரிப்பேரு வர்ற வண்டியா?"

கால் அசையாமல் இருந்தது. பிறகு மேஸ்திரி நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார்.

"பட்டை முறிஞ்சது நெசம்மா. உப்பு லோடு அடிக்கிற வண்டி, இரும்ப உப்பு தின்னாம உடுமா? ரேடியேட்டரும் நெசம். ஆனா டைனமோ நல்லாத்தான் இருந்துது. கார்பரேட்டரும் அப்பிடித்தான். கழட்டினேன், தொடைச்சேன், மாட்டினேன்."

"அத அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"டிரைவரு கெட்டுப்போச்சுன்னு கொண்டாந்து நிறுத்தறாரு. அவர பொய்யன்னு நான் எப்பிடிம்மா சொல்றது?"

ஆக, நிஜமும் பொய்யும் கலந்து வருகிறது. முழுப் பொய்யன் என்றால் வேலையை விட்டு அனுப்பிவிடலாம். முழு நிஜம் என்றால் வண்டியைத் திட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். கலப்படத்தை என்ன செய்வது?

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாளிலிருந்து காலையில் வண்டி எடுக்கும் முன் அவளும் கொட்டகைக்கு வந்து நின்றாள். தண்ணீர் பார்த்தாயிற்றா, ஆயில் பார்த்தாயிற்றா, பிரேக், லைட், டயர், பட்டை எல்லாவற்றையும் அவள் கேட்க, அவர் அவள் கண் எதிரிலேயே தொட்டுக் காட்ட வேண்டும்.

"இங்க எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போறீங்க. வழியில கெட்டுப்போச்சுன்னு வந்தா நான் ஒத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா," என்றார் இருதயநாதன். முகத்தில் கோபம் இல்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொஞ்ச நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. உப்புக்குப் போனது, வந்தது. செங்கல் ஏற்றிக்கொண்டு போனது, வந்தது. கெங்கம்மாள் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். அப்புறம் ஒரு புதன்கிழமை, பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை என்கிற ஊரிலிருந்து சவுக்கு விறகு ஏற்றிவரும்படி அண்ணன் மண்டியிலிருந்து சொன்னார்கள். வண்டி காலி வண்டியாகத் திரும்பி வந்தது. கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

"கிளட்ச்சு வழுக்குதுங்கம்மா. வண்டி மாட்டேங்குது."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. டைனமோ எந்தச் சவாரியில் கெட்டது? விறகுச் சவாரியில். கார்பரேட்டர்? அதுவும் விறகுதான். உப்புக்குப் போனால் உப்பு தின்கிற சாமான்தான் கெட்டது. விறகுக்குப் போனால் மட்டும், மேஸ்திரி பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்கிற சாமான்களாகக் கெட்டன.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்தான் வரும்.

அடுத்த தரம் விறகுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனபோது, "நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள்.

"எங்கீங்கம்மா?"

"வண்டி எங்க போவுதோ அங்க."

"லாரியிலயா?"

"பின்ன, பல்லக்கா வெச்சிருக்கோம்?"

காலையில் கெங்கம்மாள் லாரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க டீக்கடை முழுவதும் கிளாஸோடு வெளியே வந்து நின்றது. கிளீனர் பச்சைமுத்து, மீசை நரைத்த ஆள், என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் ஏறி செங்கல் லோடின் மேல் உட்கார்ந்துகொண்டார். புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்கோலம் போகிறாள் என்று ஒருத்தன் சொன்னது அவள் காதில் விழுந்தது. தலையை வெளியே நீட்டி அவனை நன்றாகப் பார்த்தாள். அவன் கிளாஸைக் கழுவ உள்ளே போய்விட்டான்.

அரங்கநாதன் இருந்தவரை ஒருநாள்கூட அவளை இதில் ஏற்றியதில்லை. எஞ்சின் சூடு உள்ளங்காலில் ஏறியது. விக்கிரவாண்டி தாண்டியபோது எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தூரத்தில் மயிலம் மலை தெரிந்தது. இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இருதயநாதன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது.

திண்டிவனத்தில் செங்கல்லை இறக்கிவிட்டு மண்டி வாசலுக்குப் போனார்கள். தங்கச்சி லாரியிலிருந்து குதித்து இறங்குவதைப் பார்த்த பாண்டுரங்கனுக்கு முகம் செத்துவிட்டது.

"என்னா கெங்கு இது? மானம் போவுது. பஸ்ஸு இல்லியா ஊர்ல?"

"வண்டி அடிக்கடி நின்னுடுதுண்ணே. என்னான்னு பாக்கலாம்னு வந்தேன்."

"நான்தான் அந்த ஆள மாத்துன்னு சொன்னேனே! சரி, நீ வீட்டுக்குப் போ. அண்ணி சாப்பாடு போடுவா. வண்டி விறகுக்குப் போயிட்டு வரட்டும்."

"நானும் போயிட்டு வந்து சாப்படறேன்."

"அங்க தோப்புல ஆம்பளைங்க வேல செய்யற எடம். நீ எதுக்கு?"

"என் வண்டி போற எடந்தானே?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடை போட வந்த குடியானவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டார். கெங்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள்.

பாண்டிச்சேரி ரோட்டில் வண்டி திரும்பியது. கிளியனூர் வருவதற்குள் இருதயநாதன் வேகத்தைக் குறைத்து ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினார்.

"என்னா?"

"சூடேறிடுச்சிங்கம்மா. வண்டி..."

"மாட்டேங்குதா?"

அவர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். கெங்கம்மாளும் இறங்கினாள். ரேடியேட்டர் மேல் கையை வைத்தாள். ஓடி வந்த வண்டிக்கு உள்ள சூடுதான், கை தாங்கியது. கையை எடுக்காமலே பேசினாள். இத்தனை நாள் கொடுத்த மரியாதை வாயிலிருந்து போய்விட்டது.

"வண்டிக்கு ஒன்னும் இல்ல. ஒனக்கு என்னா? அதச் சொல்லு."

இருதயநாதன் ரோட்டைப் பார்த்தார். பின்னால் கிளீனரைப் பார்த்தார். பச்சைமுத்து துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார்.

"விறகுக்குக் கீழ டியூபு வெச்சி ஏத்தறாங்கம்மா," என்றார்.

"என்னா டியூபு?"

"லாரி டயர் டியூபு. உள்ள காத்து இல்ல, சாராயம். பாண்டியில வாங்கி, ராவுல தோப்புல கொண்டாந்து வெச்சிடறாங்க. காலையில அத அடியில பரப்பி மேல விறக அடுக்கிடுவாங்க. மொத தடவ எனக்குத் தெரியாது. திண்டிவனத்துல எறக்கும்போது ஒன்னு புட்டுக்கினு ஊத்திடுச்சி. நாத்தம் கொடலப் புடுங்குச்சி. அப்பத்தான் தெரிஞ்சது."

மெட்ராஸ் ராஜ்ஜியம் முழுவதும் மதுவிலக்கு. எல்லையில் போலீஸ் தடுப்பு போட்டுத் துழாவுகிற காலம். பிடித்தால் வண்டி போகும், ஓட்டுகிறவன் ஜெயிலுக்குப் போவான். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்களும் கோர்ட் படி ஏற வேண்டும். வண்டி கெங்கம்மாள் பேரில் இருந்தது.

"எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க கூடப்பொறந்தவரு. நான் சொன்னா யார நம்புவீங்க?"

அவள் யோசித்தாள். அண்ணனைத்தான் நம்பியிருப்பாள். அன்றைக்கே இந்த ஆளை வேலையை விட்டும் அனுப்பியிருப்பாள். அதை மறைத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

"உன்னத்தான் தொரத்தியிருப்பேன்."

"அதாங்கம்மா. நான் மாட்டேன்னு சொன்னா வேல போயிடும். வண்டி மாட்டேன்னா அத யாரு என்னா செய்ய முடியும்? அடிக்கவா முடியும்?"

அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். கெங்கம்மாளுக்கும் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அண்ணன் மேல் வந்த கோபம் பெரிசு. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதிரே நிற்கிற இந்த ஆள் மேலும் வந்தது.

"என்னக் காப்பாத்தறதா நெனச்சிக்கினு என்ன முட்டாளாக்கிட்டீங்க டிரைவரே. ஊரே சிரிச்சிது. வண்டி பேரு கெட்டுது, என் பேரு கெட்டுது. நல்லா இருக்கற டைனமோவ கழட்டி மாட்ட வெச்சீங்க. என்ன யாரும் மறைச்சி வெச்சிக் காப்பாத்த வேணாம். எங்கிட்ட சொல்லணும். எது வேணாலும் வாய தொறந்து சொல்லணும். இனிமே வண்டி மாட்டேங்குதுன்னு ஒரு வார்த்த எங்காதுல உழக் கூடாது. நீங்க மாட்டேன்னா, நான் மாட்டேன்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"சொல்லிப் பாருங்க."

இருதயநாதன் பானெட்டை இறக்கினார். "அப்ப திருப்பிடட்டுங்களா?"

"எதுக்குத் திருப்பணும்? தோப்புக்கு உடுங்க."

இரும்பை தாண்டி மண்பாதையில் இறங்கியதும் சவுக்குத் தோப்பு. தேவநாதன் என்கிற ஆள் அங்கே அண்ணன் சார்பில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தான். லாரியிலிருந்து பொம்பளை ஒருத்தி இறங்குவதைக் கண்டதும் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. விறகுக் கட்டுகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில், பழைய தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மேடு.

"ஏத்துங்க," என்றாள் கெங்கம்மாள். "ஒவ்வொரு கட்டா, என் கண்ணெதிர்ல."

"நீங்க நெழல்ல போய் ஒக்காருங்கம்மா, நாங்க ஜல்தியா முடிச்சிடறோம்."

"எனக்கு வெயிலு புடிக்கும்."

ஆட்கள் தேவநாதனைப் பார்த்தார்கள். அவன் தார்ப்பாயைப் பார்த்தான். அவள் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். நேரே போய்த் தார்ப்பாயின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கொழுத்த பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடப்பது போலக் கறுப்பு டியூபுகள். புளித்த வாடை மூக்கில் ஏறியது.

"இது எங்க போவுது?"

"உங்க அண்ணன கேளுங்கம்மா. எனக்கு எதுக்கு பேஜாரு?"

"கேக்கறேன். விறகும் வேணாம், ஒன்னும் வேணாம். டிரைவரே, வண்டிய எடுங்க."

அப்போது பிற்பகல். திண்டிவனம் மண்டித் தெருவில் கூட்டம் நெரிகிற நேரம். மூட்டை வண்டிகளும் தரகர்களும் எடை போடுகிறவர்களுமாகத் தெரு அடைத்துக் கிடந்தது. கெங்கம்மாள் சொன்னபடி இருதயநாதன் லாரியை மண்டி வாசலுக்கு நேராக, குறுக்கே நிறுத்தினார். ஹாரனை அடிக்கச் சொன்னாள். அடித்தார். பாண்டுரங்கன் திண்டில் சாய்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னா கெங்கு, விறகு எங்க?"

"விறகு தோப்புலயே கெடக்குது. டியூபும் அங்கயே கெடக்குது."

தராசில் மூட்டையை வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"உள்ள வா. பேசிக்கலாம்."

"இங்கியே பேசலாம்ணே. உள்ள பேசற பேச்சு எனக்குப் பழக்கம் இல்ல."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புத்தி கெட்டவளே, எல்லாம் உனக்கு லோடு கெடைக்கட்டும்னுதானே? சும்மா கெடந்த வண்டிக்கு வாராவாரம் சவாரி யாரு குடுத்தது?"

"குடுத்தே. இல்லன்னு சொல்லல. கீழ என்னா வெச்சேன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

"புடிச்சா நான் பாத்துக்க மாட்டேனா?"

"எங்க இருந்துக்கினு பாப்பே? வண்டி என் பேருல. ஓட்டறவரு இவரு. நாங்க ரெண்டு பேரும் கோர்ட்டுல நிப்போம். நீ இந்தத் திண்டுல சாஞ்சிக்கினு பாப்பியா?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தர் இருமினார். பாண்டுரங்கனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. தங்கச்சியை விட்டுவிட்டு டிரைவர் பக்கம் பாய்ந்தார்.

"டேய், நீதான்டா போட்டுக் குடுத்தது! எங்க வீட்டு உப்பத் தின்னுட்டு..."

"அவர டேய்னு கூப்படாத," என்றாள் கெங்கம்மாள். "அவரு சாப்பிடறது அவரு ஓட்டிச் சம்பாரிச்சது."

இருதயநாதன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்படியே நின்று வாயைத் திறந்தார்.

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

பாண்டுரங்கன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "கேட்டுக்கோ கெங்கு. இந்தத் திண்டிவனத்துல உன் வண்டிக்கு ஒரு மூட்டை கெடைக்காது. ஒரு மூட்டை!"

"கெடைக்க வேணாம். திண்டிவனத்துக்கு வெளியிலயும் மல்லாட்டை வெளையுது."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில்தான் நினைவு வந்தது. அங்கே ரோட்டோரக் கடையில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டார்கள். அவள் அழுவாள் என்று பச்சைமுத்து எதிர்பார்த்த மாதிரி தெரிந்தது. அவள் இன்னொரு கரண்டி சட்னி கேட்டாள்.

அண்ணன் சொன்னதைச் செய்தார். ஒரே வாரத்தில் திண்டிவனம் லோடு நின்றது. உப்பு வியாபாரிகளும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்களும் நின்றார்கள். லாரி கொட்டகையில் கிடந்தது. கோழிகள் டயர் இடுக்கில் முட்டை வைத்தன. டீக்கடையில் இப்போது வேறு பேச்சு. கூடப்பிறந்தவனைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியவள் உருப்படுவாளா என்று பேசினார்கள். அந்தப் பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீர் வரவில்லை. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வேறு லாரி கிடைத்தது, மண்டி நடந்தது, மரியாதையும் இருந்தது. அதெல்லாம் கெங்கம்மாள் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அவள் பஸ் ஏறி கண்டாச்சிபுரத்துக்குப் போனாள். சந்தை நாளில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். சுத்துப்பட்டுக் குடியானவர்கள் மல்லாட்டையை மாட்டு வண்டியில் ஏற்றி, விடிய விடிய உருட்டிக்கொண்டு விழுப்புரம் போவார்கள். இல்லாவிட்டால் சந்தையிலேயே தரகன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். லாரியில் ஏற்றினால் மத்தியானத்துக்குள் விழுப்புரம் மண்டியில் இருக்கலாம், நீங்களே நின்று விலை பேசலாம் என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். முதல் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டாவது சந்தையில் அஞ்சம்மாள் என்கிற ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சொந்தமாக நாலு காணி பயிர் வைக்கிறவள், வாய்க்கு அஞ்சாதவள்.

"செவப்பு லாரிதானே? அது வழியெல்லாம் நின்னுக்கினு வரும்னு சொல்றாங்களே."

"நின்னா உன் மூட்டைய நான் தலையில சொமந்து கொண்டாந்து சேக்கறேன்."

அஞ்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சொமப்பே போலத்தான் இருக்குது," என்றாள். அடுத்த சந்தைக்கு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

வந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். சந்தை வாசலில் மூட்டைகள் மலை மாதிரி சேர்ந்தன. அடுக்க அடுக்க லாரி பின்னால் அமுங்கிக்கொண்டே போனது. மேலே இன்னும் ரெண்டு அடுக்கு போட்டு, அதற்கு மேல் தாங்களும் ஏறிக்கொண்டால் ஒரே நடையில் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. கெங்கம்மாளுக்கும் அதுதான் கணக்கு. முதல் லோடு. இது நல்லபடியாகப் போனால் கண்டாச்சிபுரம் முழுக்க அவள் பக்கம்.

இருதயநாதன் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து அவளிடம் வந்தார்.

"நான் எடுக்க மாட்டேங்கம்மா."

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். கெங்கம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இன்றைக்குத்தானா? இத்தனை பேருக்கு முன்னாலா?

"ஏன்?"

"இவ்ளோ பாரம் ஏத்தினா வழியில இருக்கற ஓடை எறக்கத்துல பிரேக்கு நிக்காது. மேல ஆளுங்க வேற. ரெண்டு நடையா அடிக்கலாம். இப்பிடியே எடுக்கறதுன்னா நான் மாட்டேன்."

"காலையில பாத்தப்ப பிரேக்கு சரின்னீங்களே?"

"இப்பவும் சரிதாங்க. வண்டிமேல ஒரு கொறையும் இல்ல. நான்தான் மாட்டேங்கறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை மனுஷன். இப்படி ஒருத்தன் எதிரே நின்று மாட்டேன் என்று சொல்வதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்த வார்த்தையைக் கடித்து நிறுத்தினாள். நிறுத்த வெகு நேரம் பிடித்தது.

"என்னாம்மா, வண்டி போவுமா போவாதா?" என்று அஞ்சம்மாள் குரல் கொடுத்தாள்.

"போவும். மேல் அடுக்க எறக்கணும். ரெண்டு நடை."

"யாரு சொன்னது?"

"டிரைவரு சொல்லிட்டாரு."

"மொதலாளி நீயா, அவரா?"

"நான்தான். அதனாலதான் எறக்கச் சொல்றேன்," என்றாள் கெங்கம்மாள்.

முணுமுணுப்பு கிளம்பியது. ரெண்டு பேர் மாட்டு வண்டியே தேவலை என்று தங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து மேலே ஏறினாள். உச்சியில் கிடந்த மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். கனம் தாங்கவில்லை. கீழே நின்ற இருதயநாதன் தோளைக் கொடுத்தார்.

"மெல்ல உடுங்கம்மா."

"புடிங்க, பேசாதீங்க," என்றாள் அவள். கோபம் இன்னும் தீரவில்லை. அஞ்சம்மாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, தன் மூட்டையைத் தானே வாங்க வந்து நின்றாள்.